தேதி முடிந்த மெஷினும் லேசான லினக்ஸும்

2005இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்த புதிதில், கோவையில் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த பையன்கள் இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தார்கள். ஐநூறு ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 முதல் காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. மற்ற நேரத்தில் எம்பிக்கு எம்பி மீட்டர் ஓடும். வேகம் 256 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 32 கிலோபைட். 700 எம்பி சிடி ஒன்று இந்த வேகத்தில் இறங்க ஆறு மணி நேரமும் சில நிமிடங்களும் ஆகும். இலவச நேரமோ சரியாக ஆறு மணி நேரம்தான். உபுண்டு லினக்ஸ் சிடி ஒரு ராத்திரிக்குள் அடங்காது. எட்டு மணிக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

'பப்பி லினக்ஸ்' என்ற ஒன்று மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003இல் தொடங்கிய அது அப்போது நூறு எம்பிக்குள் இருந்தது. 'டேம் ஸ்மால் லினக்ஸ்' இன்னும் சிறிது. ஐம்பது எம்பியைத் தாண்டுவதில்லை என்று அதை உருவாக்கியவர்கள் வரம்பே வைத்திருந்தார்கள். விசிட்டிங் கார்டு அளவில் வெட்டிய குட்டி சிடியில் அடங்க வேண்டும் என்பது கணக்கு. அரை மணிக்குள் இறங்கிவிடும்.

இணைப்பு இல்லாதவர்களுக்குத் தபால் இருந்தது. கனானிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை உபுண்டு சிடிகளை, கேட்டவர் வீட்டுக்கே இலவசமாக அனுப்பியது. 2003இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃபார் யூ' இதழோடும் சிடி வரும். அப்படி வந்த ஒரு சிடி, ஹாஸ்டலில் அறை அறையாகச் சுற்றி, கீறல் விழுந்து, கடைசியில் யாரிடம் போனது என்றே தெரியாமல் போகும்.

இன்று அந்த டேம் ஸ்மால் லினக்ஸின் அளவு என்ன தெரியுமா? பத்தாண்டுகளுக்கு மேல் தூங்கிக் கிடந்துவிட்டு, 2024 பிப்ரவரியில் மறுபடி வந்தது. புதிய வரம்பு 700 எம்பி, பழையதைப் போல் பதினான்கு மடங்கு. உபுண்டுவின் லேசான வடிவமான லுபுண்டுவின் இப்போதைய ஐஎஸ்ஓ 3 ஜிபி பக்கம் போய்விட்டது. ஆனால் யாருக்கும் வலிக்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் இறங்கியிருக்கும்.

இறக்குவதில் இருந்த சுமை இப்படிக் கரைந்துவிட்டது. அப்படியானால் லேசான லினக்ஸ் இன்னும் எதற்கு?

பாரம் இடம் மாறியது

அன்று கம்ப்யூட்டரில் பெரிய பாரமே ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான். பென்டியம் 3 மெஷின், 128 எம்பி ராம். அதில் எக்ஸ்பி ஏற்றினால் டெஸ்க்டாப் வந்து நிற்பதற்குள் பாதி ராம் போய்விடும். அதனால் லேசான லினக்ஸ் செய்தவர்களின் கவனமெல்லாம் டெஸ்க்டாப்பை இளைக்க வைப்பதில் இருந்தது. ஜேடபிள்யூஎம், ஐஸ்டபிள்யூஎம் என்று குட்டி விண்டோ மேனேஜர்கள் வந்தன. 2006இல் தைவானில் ஹாங் ஜென் யீ எல்எக்ஸ்டிஇ என்ற லேசான டெஸ்க்டாப்பைத் தொடங்கினார். உபுண்டுவின் மேல் அதைப் பொருத்தி லுபுண்டு பிறந்தது. 2011 அக்டோபரில் அது உபுண்டு குடும்பத்தின் முறையான உறுப்பினராகவும் ஆனது.

இன்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. பாரமெல்லாம் பிரவுசரில். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. அடுத்த ஏப்ரலில் மாநிலம் தாண்டும் சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயமானது. சோமனூரில் தறி வைத்திருப்பவரும், திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுப்பவரும், ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துபவரும் ஒரே நாளில் பிரவுசர்காரர்கள் ஆனார்கள். பேங்க், பள்ளிக்கூடத்து ஆன்லைன் பதிவுகள், இ-சேவை, குழந்தையின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் ஒவ்வொரு டேப். பத்து டேப் திறந்தால் 2 ஜிபி ராம் மூச்சு வாங்கும், டெஸ்க்டாப் எவ்வளவு மெலிந்திருந்தாலும்.

இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள் லுபுண்டு குழுவினர். பழைய மெஷின்களை மட்டும் குறிவைப்பதை விட்டுவிடுகிறோம், இத்தனை ராம் இருந்தால் போதும் என்று இனிக் குறைந்தபட்சக் கணக்குச் சொல்லமாட்டோம் என்று 2018இல் அறிவித்தார்கள். அந்த அக்டோபரில் வந்த 18.10 பதிப்பில் எல்எக்ஸ்டிஇ போய் எல்எக்ஸ்க்யூடி வந்தது. பழைய ரசிகர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் அந்தக் குழு சொன்னதில் நியாயம் இருந்தது. டெஸ்க்டாப்பில் ஐம்பது எம்பி மிச்சம் பிடித்து என்ன பயன், ஒரே ஒரு இணையப் பக்கம் முந்நூறு எம்பி கேட்கும்போது?

அதனால் இன்றைய லேசான லினக்ஸில் வரும் புது வசதிகளைப் பார்த்தால், பெரும்பாலானவை பிரவுசருக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பவை. அவற்றில் உருப்படியானது இசட்ராம் (zram). 2014இல் வந்த கெர்னல் 3.14 முதல் இது லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. வேலை எளிது. ராம் நிறைந்ததும், நீங்கள் பார்க்காமல் விட்டுவைத்த டேப்களின் தகவலை ஹார்டுடிஸ்கில் கொண்டுபோய் எழுதாமல், ராமுக்குள்ளேயே சுருக்கி அடுக்கிவைக்கும். ஒரு ஜிபி தகவல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவது சாதாரணம். சுருக்கவும் விரிக்கவும் ப்ராசஸர் கொஞ்சம் உழைக்க வேண்டும். ஆனால் ஹார்டுடிஸ்க் கரகரவென்று சுற்றித் தேடும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் இதை இயக்கிவிட்டால், டேப் மாற்றும்போது திரை உறைந்து நிற்பது கண்கூடாகக் குறையும்.

கரண்ட் போன காலம்

2012ஐ கொங்கு மண்டலம் மறக்காது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. லேத் நின்றது, தறி நின்றது. யுபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த கட். கம்ப்யூட்டர் ஆஃப் ஆவது பெரிதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது ஆஃப் ஆவதுதான் வினை. பைல் பாதியில் நிற்கும், அடுத்த முறை ஆன் செய்தால் டிஸ்க் சோதனை நீண்டுகொண்டே போகும்.

அந்தக் காலத்தில் பப்பிக்கு இங்கே மரியாதை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பூட் ஆகும்போதே மொத்தச் சிஸ்டமும் ராமில் ஏறிவிடும். ஹார்டுடிஸ்க்கை நாம் கேட்டால்தான் தொடும். கரண்ட் படக்கென்று போனாலும் சிஸ்டம் கெட வழியில்லை. மறுபடி பூட் செய்தால் முந்தைய நிலையில் நிற்கும். நாம் செய்த மாற்றங்கள் தனியாக ஒரு சேவ் பைலில் இருக்கும். மற்ற லினக்ஸ்களில் ஜர்னலிங் இருந்தது. எக்ஸ்ட்3 பைல் சிஸ்டம் என்ன எழுதப்போகிறோம் என்பதை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு எழுதும். சேதம் என்றால் கடைசிச் சில விநாடி வேலையோடு போகும்.

இன்று அந்த அளவுக்குக் கட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடுகிறது. ஆனால் பேட்டரி செத்த பழைய லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் ஒன்றுதான். ஒயர் பிடுங்கினால் போச்சு. அப்டேட் ஓடும்போது அப்படி நடந்தால்? இதற்குத்தான் லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் 'டைம்ஷிஃப்ட்' வருகிறது. சிஸ்டம் நன்றாக இருந்த நாளின் நிலையைப் படம் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்டேட்டில் கோளாறு என்றால் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து அந்த நாளுக்குத் திரும்பலாம். நம் போட்டோ, கணக்குகளை அது தொடாது. அவற்றுக்குத் தனியாக காப்பி எடுத்துவைப்பது நம் பொறுப்பு.

கால் உடைந்த கொம்பு

தமிழ் விஷயத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2000களின் தொடக்கத்தில் லினக்ஸில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி, நடுவில் புள்ளி வட்டம் ஒன்று வந்து உட்காரும். எழுத்துரு இறக்க வேண்டும், உள்ளீட்டுக்கு ஸ்கிம் நிறுவ வேண்டும், எதை எங்கே போடுவது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். டிடிபி கடைகளில் செந்தமிழ், பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு குறியாக்கம். ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையை இன்னொரு கடையில் திறந்தால் வெறும் குப்பையாகத் தெரியும்.

திருப்பம் கோவையிலேயே நடந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. அதோடு இணைந்து தமிழ் இணைய மாநாடும் நடந்தது. மாநாடு தொடங்கிய அன்றைய தேதியிட்ட அரசாணையில், தமிழ் யூனிகோடையும் டேஸ்16ஐயும் மாநில அரசின் குறியாக்கத் தரமாக அறிவித்தார்கள். அலுவலகங்கள் மெல்லத்தான் மாறின. ஆனால் எது தரம் என்ற சண்டை முடிந்தது.

லினக்ஸ் பக்கம் லோகித் தமிழ், அதன்பின் நோட்டோ எழுத்துருக்கள் வந்தன. எழுத்தைக் கோர்த்துக் காட்டும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற ஒரே இன்ஜின் எடுத்துக்கொண்டது. 2017இல் லிப்ரே ஆபீஸ் 5.3 எல்லா ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலும் அதற்கே மாறிய பிறகு, லினக்ஸில் தட்டச்சு செய்த பக்கம் விண்டோஸில் வேறு மாதிரி தெரிகிறது என்ற புகார் வெகுவாக அடங்கியது. இப்போது பெரும்பாலான லேசான லினக்ஸ்களில் தமிழ் படிப்பதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அடிப்பதற்கு ஐபஸ்ஸில் தமிழ்99 சேர்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் டெசராக்ட் கூட, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாலும், பத்தாண்டுப் பழைய லேப்டாப்பில் ஓடும்.

பட்டறையில்

கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் போனால் சிஎன்சி மெஷின்கள் பெரும்பாலும் ஃபானுக் அல்லது சீமென்ஸ் கன்ட்ரோலரோடுதான் நிற்கும். அதை வாங்க முடியாத, ஆனால் கையில் ஒரு பழைய மில்லிங் மெஷின் வைத்திருக்கிற ஆளுக்கு லினக்ஸ்சிஎன்சி என்று ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டில் 1990களில் தொடங்கிய திட்டம் அது. இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மோட்டார் ஒரு ஸ்டெப் நகர ஒரு பல்ஸ் வேண்டும். அந்த பல்ஸை பழைய கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் 25 பின் பிரின்டர் போர்ட் வழியாக அனுப்பலாம். பல்ஸ் சரியான நேரத்தில் போக வேண்டும். கெர்னல் வேறு வேலையில் மூழ்கிச் சற்றுத் தாமதித்தாலும் மோட்டார் திணறும், ஜாப் வீணாகும். அதனால் முதலில் லேட்டன்சி டெஸ்ட் என்று ஒன்றை ஓட்டிப் பார்ப்பார்கள். தாமதம் 20 மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் மெஷின் தேறியது. பளபளப்பான புது லேப்டாப்கள் இதில் தோற்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அவற்றின் உள்வேலைகள் அடிக்கடி குறுக்கே வரும். மூலையில் கிடந்த டப்பா டெஸ்க்டாப் பாஸாகிவிடும்.

அன்று இதற்கென்றே திருத்திய தனி கெர்னல் வேண்டும். உபுண்டு 10.04இன் மேல் செய்த லைவ் சிடியைப் பலர் ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள், மாற்றினால் ஓடாதோ என்ற பயத்தில். இன்று 2023இல் வந்த டெபியன் 12 முதல் லினக்ஸ்சிஎன்சி டெபியனிலேயே ஒரு பேக்கேஜ். நிகழ்நேர வசதியான ப்ரிஎம்ட் ஆர்டி, இருபது ஆண்டுகளாக வெளியே ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தது போய், 2024 நவம்பரில் வந்த கெர்னல் 6.12இல் மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அந்தக் கெர்னலில்தான் ஓடுகிறது. எதை ஏற்றினாலும் எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் சாஃப்ட்வேரிடம் விடக் கூடாது. அது நேரே பவரை வெட்டும் ஒயரில் இருக்க வேண்டும்.

டேலி ஓட்டுவீங்களா?

அன்று ஒருவர் லேசான லினக்ஸைத் தேடினார் என்றால் அவர் மெஷினுக்குத் தெம்பு இல்லை என்று பொருள். இன்று மெஷின் திடமாக இருக்கிறது, தேதிதான் முடிந்துவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் மேலும் ஓராண்டு. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 வேண்டும். இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறை ப்ராசஸர் முதல்தான். 2016இல் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய ஐ5 லேப்டாப் இந்த வரிசையில் நிற்க முடியாது. காந்திபுரம் பக்கத்து சர்வீஸ் கடைகளில் அந்த அக்டோபருக்குப் பிறகு நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"ஏனுங் தம்பி, இதுல பதினொண்ணு ஏறாதுங்களா?"

"ஏறாதுங்ணா. ப்ராசஸர் ஆறாம் ஜெனரேஷனுங்க."

"அப்பொ தூக்கிப் போடறதுதானா? நல்லாத்தான ஓடுது."

"எதுக்குங்ணா போடோணும்? எஸ்எஸ்டி ஒண்ணு போட்டு லினக்ஸ் ஏத்திக்கலாம். டேலி ஓட்டுவீங்களா?"

"அதெல்லாம் ஆடிட்டர் ஆபீஸ்லயே பாத்துக்குவாங்க. எனக்கு பேங்கு, ஈ-வே பில்லு, பேத்தி கிளாசு, அவ்வளவுதானுங்."

"அப்பொ இது தாராளமாப் போதும்ங்ணா."

அந்தப் பையன் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. மோட்டார் காயில் கருகினால் புது மோட்டார் வாங்காமல் ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிப் போகிற ஊர் இது. பழையதைத் தூக்கிப் போட இங்கே யாருக்கும் மனசு வராது. ஆனால் ரீவைண்டிங்கிலும் கேஸிங்கும் ஷாஃப்டும் நன்றாக இருந்தால்தான் கட்டுவார்கள். அதேபோல் இங்கேயும் முதலில் பார்க்க வேண்டியவை சில உண்டு. டேலி நேரடியாக லினக்ஸில் ஓடாது. பேஜ்மேக்கரில் பழைய தமிழ் எழுத்துருக்களோடு பிழைக்கும் டிடிபி கடைக்கும், எம்பிராய்டரி டிசைன் சாஃப்ட்வேரை நம்பியிருக்கும் திருப்பூர் யூனிட்டுக்கும் லினக்ஸ் சரிப்படாது. பிரின்டரில், நெட்வொர்க் வசதியுள்ள புது மாடல்கள் டிரைவர் இல்லாமலே ஓடுகின்றன. பழைய குட்டி லேசர் பிரின்டர்கள் சில இன்றும் அடம்பிடிக்கும்.

நிஜமாகவே வயதான மெஷின்களுக்கும் கதவு சாத்தப்பட்டு வருகிறது. பென்டியம் 4, முதல் தலைமுறை ஆட்டம் நெட்புக் போன்ற 32 பிட் பெட்டிகளுக்கு லினக்ஸில் குரோம் 2016லேயே நின்றுவிட்டது. லுபுண்டு 2019இல் கைவிட்டது. டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் 2025 முடிவில் 32 பிட் லினக்ஸுக்குப் புதுப் பதிப்பை நிறுத்தியது. கிரேக்க நாட்டில் பிறந்த ஆன்டிஎக்ஸ் இன்னும் 32 பிட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் ஓடுவதும் உபயோகப்படுவதும் வேறு வேறு. அந்தப் பெட்டியில் பாட்டுக் கேட்கலாம், கணக்கு எழுதலாம். பேங்க் வேலைக்கு நம்ப வேண்டாம்.

அரசு கொடுத்த வாய்ப்பு

ஒன்றை மட்டும் நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் 'பாஸ்' லினக்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. டெபியனின் மேல் கட்டியது, இந்திய மொழிகளோடு வந்தது. அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசு அலுவலகங்களை லினக்ஸுக்கு மாற்ற முனைந்தார். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. கொங்குக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளின் முதல் கம்ப்யூட்டர் அதுதான். ஆனால் பூட் மெனுவில் அந்த இரண்டாவது வரியைத் தொட்டவர்கள் குறைவு. தொடச் சொல்லித்தர பள்ளிக்கூடத்தில் ஆளும் குறைவு.

வாளையாறு தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல், இன்றைய கைட், தனக்கென்றே ஒரு லினக்ஸைத் தொகுத்து, ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்து, பாடப்புத்தகத்தையும் அதற்கேற்ப எழுதியது. பாலக்காட்டுப் பள்ளிப் பிள்ளைக்கு லினக்ஸ் என்பது வகுப்பறைக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். இங்கேயும் 2018இல் வந்த புது பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியலில் உபுண்டு இருக்கிறது, பன்னிரண்டில் பைத்தான் இருக்கிறது. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்த 20 லட்சம் கணினிகளில், இப்போது வழங்கப்படும் லேப்டாப்கள் 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் கொண்டவை. 2011இன் 2 ஜிபி லேப்டாப்போடு பார்த்தால் நான்கு மடங்கு. இவற்றுக்கு லேசான லினக்ஸ் இன்று தேவையில்லை. ஆனால் ஏழெட்டு ஆண்டு கழித்து இவற்றுக்கும் ஒரு தேதி வரும். அன்றைக்கு என்ன செய்வது என்று தெரிந்த மாணவர்கள் இப்போதே கல்லூரியில் உருவாக வேண்டும்.

அதுவரை, வீட்டில் அப்படித் தேதி முடிந்த மெஷின் இருப்பவர்கள் செலவைச் சரியான வரிசையில் செய்தால் போதும். முதலில் செலவே இல்லாத வேலை. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, எம்எக்ஸ், லுபுண்டு இவற்றில் ஒன்றை யூஎஸ்பியில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே பூட் செய்து பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா, பிரின்டர், உங்கள் பேங்க் தளம் ஐந்தும் ஓடினால் அடுத்ததாக எஸ்எஸ்டி வாங்குங்கள். அதற்கும் மேல் திணறினால் ராம் கூட்டுங்கள். ஐந்தில் ஒன்று ஓடவில்லை, அது இல்லாமல் உங்களுக்கு முடியாது என்றால், அன்றைக்குப் புது லேப்டாப் பாருங்கள்.